கபெரே வீட்டு நெருப்பும் என்னோட மூணு சுத்தும்

ஜூன் 8, விண்ட்ஹுக்

வந்து சேந்துட்டேன். ஊத்துக்குளியிலிருந்து கோயமுத்தூர், மும்பை, அடிஸ் அபாபா, அப்புறம் இந்த நமீபியா. காலு ரெண்டும் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்குது. ஏர்போர்ட்டுல தாரணி ஓடி வந்து கட்டிப்புடிச்சா. எளைச்சுப் போயிட்டா. வெயில்ல சுத்திச் சுத்தி மொகமே மாறிப்போச்சு. "என்னடி இது கோலம்"னு கேட்டேன். "வந்ததும் ஆரம்பிக்காதம்மா"ன்னா.

இந்த டைரியும் அவ குடுத்ததுதான். தினமும் எழுதணுமாம். எருமை எழுவது வெச்சு வெண்ணெய் எடுத்து விக்கிறவளுக்கு டைரி எதுக்குன்னு கேட்டதுக்குச் சிரிக்கிறா.

அவ வேலை என்னன்னு நம்மூர்ல யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லவே தெரியாது. இங்கத்த சனங்க தங்களோட முன்னோரை, மாட்டை, மண்ணைப் புகழ்ந்து பாடுவாங்களாம். வெவ்வேற சனங்க எப்படிப் பாடறாங்கன்னு பதிவு பண்ணிப் புஸ்தகம் எழுதறா. மூணு வருசமா இதே வேலை. இருவத்தொம்பது வயசாச்சு. இப்ப மூணு வாரத்துல மூணு சனங்களைப் பாக்கப் போறா. கூட வர்ற பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டா. மைக் ஸ்டாண்டு தூக்க நான் வரேன்னுட்டேன்.

நான் வந்த காரியம் வேற. ஜூலை ஆறாந்தேதி பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. ஒண்ணாந்தேதிக்கு ரெண்டு டிக்கெட்டாப் போட்டுட்டுத்தான் கெளம்பினேன். அவகிட்ட இன்னும் சொல்லலை. சமயம் பாத்துச் சொல்லிக்கலாம்.

ஜூன் 11, ஒகாகராரா

ஹெரேரோ சனங்க ஊரு. பொம்பளைங்க கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பாவாடை மேல பாவாடையாப் போட்டுக்கிட்டு, தலையில ரெண்டு பக்கமும் கொம்பு நீட்டின துணித் தொப்பி வெச்சிருக்காங்க. மாட்டுக் கொம்புதான் அதுன்னு எமிலியாங்கற தையக்காரம்மா சொன்னாங்க. ஒரு உடுப்புக்குப் பன்னெண்டு மீட்டர் துணியாம். "எங்கூர்ல காங்கேயம் காளைன்னு இருக்குது, அதுக்குக் கொம்பு இன்னும் ஒசரம்"னு சொல்லுன்னு தாரணியை உசுப்பிவிட்டேன். அந்தம்மா உடனே தொப்பியை இன்னுங் கொஞ்சம் இழுத்து நீட்டி என்ற தலையில வெச்சு, கண்ணாடி முன்னாடி நிறுத்திட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நடக்கத்தான் வரலை. மாடு மாதிரி மெதுவாத் தலையைத் திருப்பணுமாம், வெடுக்குவெடுக்குனு திருப்பப்படாதாம்.

தாரணி பதிவு பண்றதை இன்னிக்குத்தான் மொதல்ல பாக்கறேன். கேள்வியே கேக்க மாட்டேங்கறா. காதுல அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்துக்கறா. வீட்டுல நாலு வார்த்தை நான் பேசினா மூணாவது வார்த்தைக்கே எந்திரிச்சுப் போறவ!

ஜூன் 14, சும்க்வே

இங்க சான் சனங்க. நாக்கைத் தட்டித் தட்டிப் பேசறாங்க. நானும் பழகிப் பாத்தேன். மாட்டை ஓட்டற மாதிரி இருக்குதுன்னு தாரணி சொல்லிப்போட்டா.

தீக்கோழி முட்டை ஓட்டை உடைச்சு, தொளை போட்டு, கல்லுல தேச்சு மணி பண்றாங்க. என் வயசுல ஒரு அம்மா எனக்கும் கத்துக் குடுத்தாங்க. நான் ஏழு ஓட்டை உடைச்சு ஒரு மணி பண்ணினேன். கெளம்பறப்ப அந்தம்மா ஒரு மாலையைக் கழட்டி என் கழுத்துல போட்டுட்டாங்க. சொந்தபந்தம், ஒறம்பரை ஒண்ணு குடுத்தா நாம சும்மா இருப்பமா? உடனே பைக்குள்ள கையை விட்டு, எவர்சில்வர் டப்பாவை எடுத்து அவங்க கையில திணிச்சேன். அந்தம்மா மொகம் சுருங்கிப்போச்சு.

வண்டியில தாரணி புடிபுடின்னு புடிச்சா. "வாங்கினதுக்கு உடனே திருப்பிக் குடுத்தா வியாபாரம்னு ஆயிடும்மா. மாசக்கணக்குல வெச்சிருந்து குடுக்கணும். அதுவரைக்கும் அவங்க உன்னை நெனப்பாங்க, நீ அவங்களை நெனப்பே."

"எனக்கென்னடி தெரியும்"னேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

ஒறம்பரைக்குக் குடுக்கறதுக்கெல்லாம் ஒருத்தரைக் கேட்டுட்டா குடுப்பாங்க!

ஜூன் 16

நாள் பூரா வண்டி. ஒட்டகச்சிவிங்கி ஆறு, பஞ்சர் ஒண்ணு.

ஜூன் 17, ஒபுவோ

இதுதான் கடைசி டவுன். இதுக்கப்புறம் போனும் கெடையாது. சோளமாவு மூட்டை, சர்க்கரை, புகையிலை வாங்கினோம். நாளைக்குப் போற ஹிம்பா சனங்க வீட்டுக்குக் குடுக்க. டிரைவர் பேரு ஃபெஸ்டஸ். நாப்பது வயசிருக்கும், ஹெரேரோக்காரன். ஹிம்பாவும் அவனும் பேசறது ஒரே பாஷைங்கறதால மொழிபெயர்க்கறதும் அவன்தான். என்னை 'மதர்'னு கூப்புடறான். மரியாதை தெரிஞ்ச புள்ளை.

மத்தியானம் சாப்புடறப்ப தாரணி ரொம்ப நேரம் பேசினா. அந்த வீட்டுப் பெரியவர் பேரு கபெரே. அவரோட அம்மா வழி முன்னோர் புகழை, அவங்களைப் பொதைச்ச எடம், தண்ணி குடிச்ச ஊத்து, வளத்த மாடு, அத்தனையும் பேரோட சொல்லத் தெரிஞ்சவராம். யாருக்கும் பதிவுக்குச் சொன்னதில்லையாம். ரெண்டு தடவை இவ போயி உக்காந்து வந்தப்புறம், இந்த ஜூன் மாசம் வா, சொல்றேன்னிருக்காரு. முப்பதாந்தேதியோட இவ அனுமதிக் கடுதாசி முடியுது.

"இது கெடைச்சாத்தாம்மா புஸ்தகம். இல்லைன்னா மூணு வருசமும் வீண்"னா.

 மாவு மூட்டைக்குக் கவுறு கட்டினேன். அப்புறம் குழாயடியில நின்னு ஊர்ல இருக்கிற என்ற தம்பிக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுல கேட்டுட்டே இருக்காங்களாம். "கூட்டிட்டு வந்துருவேன், வெசனப்படாத"ன்னேன்.

ஜூன் 18, கபெரே வீடு

எப்படி எழுதறதுன்னு தெரியலை. நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

வண்டியிலேயே தாரணி சொன்னா: "அம்மா, எறங்கினதும் என் பின்னாலேயே வா. பெரிய வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவுல ஒரு நெருப்பு இருக்கும். அது அவங்க முன்னோர் இருக்கிற எடம். வீட்டுக்கும் அந்த நெருப்புக்கும் குறுக்க வெளியாளுங்க போகக்கூடாது." சரி சரின்னேன்.

வட்டமா வேலி. உள்ளுக்குள்ள சாணியும் மண்ணும் பூசின குடிசைங்க. நடுவுல மாட்டுப்பட்டி. பொம்பளைங்க ஒடம்பு பூரா வெண்ணெயும் செம்மண்ணும் கொழைச்சுப் பூசி, ஜடையெல்லாம் செவசெவன்னு. மேல துணி இல்லை. மொதல்ல கண்ணை எங்க வெக்கறதுன்னு தெரியலை. வெண்ணெய் வாசம் வந்ததும் எனக்கு எல்லாம் மறந்து போச்சு. பசு வெண்ணெய். ரெண்டு நாள் ஆனது. சரியான பதம்.

தாரணி மூட்டையை எறக்கிட்டு இருந்தா. நான் சித்தெ முன்னால வந்துட்டேன். நாலு கட்டை, சுத்தியும் கல்லு, லேசாப் புகை. இதுதான் அந்தச் சாமின்னு தெரிஞ்சு போச்சு. நம்ம கை சும்மா இருக்குமா? செருப்பைக் கழட்டிப்போட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். கையைக் கூப்பிக்கிட்டு வலம் வந்தேன். மூணு சுத்து.

மொதச் சுத்துலயே பொம்பளைங்க கத்தினாங்க. என்னைப் பாராட்டறாங்கன்னு நெனச்சேன். அட கெரகமே! மூணாவது சுத்து முடியறப்பத்தான் தாரணி ஓடி வந்து என் கையைப் புடிச்சு இழுத்தா. அவ மொகத்துல ரத்தமே இல்லை.

கபெரே ஒல்லியான மனுசன்.  எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு அவரு பெரிய சம்சாரம் வெசூவா வெளியே வந்து ஃபெஸ்டஸ்கிட்ட என்னமோ சொன்னாங்க. வேலிக்கு வெளியே போகச் சொல்றாங்கன்னான். பதிவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இனி நெருப்புகிட்டப் பேசித்தான் சொல்லுவாங்களாம்.

இப்ப காஞ்ச ஆத்துல ஒரு மரத்தடியில கூடாரம் போட்டிருக்கோம். சத்தியமாச் சாமின்னுதான் சுத்தினேன். கும்புட்டது ஒரு குத்தமா?

ஜூன் 19

நல்லாத் தூங்கினேன். காலையில ஃபெஸ்டஸ் டீ போட்டான். இஞ்சி இல்லை.

ஜூன் 20

ஃபெஸ்டஸ் ரெண்டு தடவை போயிட்டு வந்தான். இல்லைங்கறாங்களாம்.

தாரணி என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நானும் நாலு திட்டிப்போட்டுச் சரியாயிருக்கும். ஒண்ணுஞ் சொல்லாம ஒயரை ஒண்ணொண்ணாச் சுருட்டி வெக்கறா. பேட்டரியைத் தொடைச்சு டப்பாவுல அடுக்கறா. எனக்குத் தட்டுல சோறு போட்டுக் குடுத்துட்டு, அவ ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சுட்டா.

"விடு கண்ணு, இது போனா இன்னொண்ணு. நம்மூருக்கு வந்தீன்னா..."ன்னு ஆரம்பிச்சேன். இதுதான் சமயம்னு பட்டுச்சு. அவ நிமிந்து பாத்தா. டிக்கெட் விசயத்தை அப்பறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

ஆத்து மணல்ல தனியா நடந்துட்டு இருக்கா. ஒரு மணி நேரமாச்சு.

ஜூன் 21

துணி தொவைச்சேன். ஆட்டுக்குட்டி ஒண்ணு என் பாவாடைய மென்னுருச்சு.

ஜூன் 22

இன்னிக்கு எழுத நெறைய இருக்குது.

காலையில வேலிக்கு வெளியே மரத்தடியில வெசூவாவும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களும் வெண்ணெய் எடுத்துட்டு இருந்தாங்க. பெரிய சுரைக்குடுக்கையில தயிரை ஊத்திக் கெளையில கட்டித் தொங்கவிட்டு முன்னயும் பின்னயும் ஆட்டறாங்க. மத்து கெடையாது, கவுறு கெடையாது. தொட்டில் ஆட்டற மாதிரிதான். நான் தள்ளியே நின்னு பாத்தேன். அந்தச் சின்னப் பொண்ணு வேகமா ஆட்டறா. அப்படி ஆட்டினா வெண்ணெய் தெரளாது, ஒடையும். நாக்கு சும்மா இருக்குமா எனக்கு? "மெதுவா, மெதுவா"ன்னுட்டேன்.

வெசூவா திரும்பிப் பாத்தாங்க. கோவப்படலை. குடுக்கையைக் காட்டி, வான்னு கையைக் காட்டினாங்க.

போனேன். ஆட்டினேன். தளக்குதளக்குனு இருந்த சத்தம் கொஞ்ச நேரத்துல கனமாச்சு. இன்னும் கொஞ்சம். தொம்முனு ஒரு சத்தம் விழுந்ததும் நான் கையை எடுத்தேன். அதே நேரத்துல வெசூவாவும் கையை நீட்டிக் குடுக்கையை நிறுத்திட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிச்சுட்டோம். கட்டியை எடுத்து உருட்டி ஒரு துளி என் நாக்குல வெச்சாங்க. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து வெண்ணெயில ஒரு ஆளை அடையாளங் கண்டுக்கிட்டேன்.

ஃபெஸ்டஸைக் கூப்புட்டுக்கிட்டாங்க. அவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் சேந்து ஒரு மாதிரி ஓடுச்சு. வெசூவா சொன்னது இதுதான்: "உன் பொண்ணு போன வருசம் வந்து பதினெட்டு நாள் இங்க இருந்தா. ஒரு கேள்வி கேக்கலை. தண்ணி சொமந்தா. என் பேத்திக்குக் காய்ச்சல்னு ராத்திரி பகலா ஒக்காந்திருந்தா. பத்தொம்பதாவது நாள் என் புருசன், உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. உங்க அம்மா பேரு வேணும்னா. இங்க யாரும் வந்து அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் போட்டோ கேப்பாங்க."

 பதினெட்டு நாள்! வாராவாரம் போன்ல 'சாப்புட்டியா, எளைச்சிருக்கியே, எப்ப வர்றே'ன்னு மட்டுந்தான் நான் கேட்டிருக்கேன். எங்க இருக்கே, என்ன பண்றேன்னு ஒரு நாளும் கேக்கலை. கேட்டாப் பதில் சொல்லுவா, அப்பறம் ஊருக்கு வந்துருன்னு கூப்புட எனக்கு வாயே வராதுன்னு உள்ளுக்குள்ள பயந்திருக்கேன்போல. என் மேல எனக்கே ஆத்திரமா வந்துச்சு.

என்ன பண்ணட்டும்னு கேட்டேன். வெசூவா சொன்னாங்க: "கோவம் என் புருசனுக்கில்லை. நெருப்புக்குத்தான். நீ வந்து, உன்ற செத்தவங்களைக் கூப்புட்டு, பண்ணினதை உன் வாயால சொல்லணும். உனக்காக வேற யாரும் சொல்ல முடியாது. உன் பாஷையிலேயே பேசு, செத்தவங்களுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். ஆனா உசுரோட இருக்கிற என் புருசனுக்கும் புரியணும்."

அப்படின்னா தாரணிதான் இங்கிலீஷ்ல சொல்லணும். நான் சொல்றது அத்தனையும் அவ வாய் வழியாத்தான் போகணும்.

ஜூன் 23

சாயங்காலம் தாரணிகிட்டச் சொன்னேன். "நாளைக்குக் காலையில நான் அங்க பேசப் போறேன். நீ கூட வந்து சொல்லணும்."

"என்னம்மா பேசப் போற?"

"நாளைக்குத் தெரியும்."

"தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு, போதும். நான் அழகாச் சொல்லிடறேன்."

"நீ அழகாவெல்லாம் சொல்ல வேண்டாம். நான் சொல்றதைச் சொல்லு."

பொறந்ததிலிருந்து யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்லை நான். மாமியார்கிட்டக்கூடக் கேட்டதில்லை.

ஜூன் 24

குளுருன்னா அப்படியொரு குளுரு. சூரியன் வேலிக்கு மேல வந்ததும் கூப்புட்டாங்க. எந்தப் பக்கமா நடக்கணும்னு வெசூவா முன்னால போயி வழி காட்டினாங்க. இந்தத் தடவை அவங்க காலடியிலேயே காலை வெச்சுப் போனேன். கபெரே நெருப்பு முன்னாடி கல்லு மேல உக்காந்திருந்தாரு. ஃபெஸ்டஸ் ஒரு பக்கம், தாரணி ஒரு பக்கம். சுத்தியும் அந்த வீட்டுச் சனம் பூரா.

யாரைக் கூப்புடறேன்னு கேட்டாங்க. என்ற வீட்டுக்காரரைன்னேன். அவரு போயி ஆறு வருசமாச்சு.

"ஏனுங்க"ன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லி ஆறு வருசம்.  "ஏனுங்க, நான் பூவாத்தா பேசறேன். உங்க மவகூட இருக்கேனுங்க."

தாரணி இங்கிலீஷ்ல சொன்னா. ஃபெஸ்டஸ் அவங்க பாஷையில சொன்னான்.

"இந்த வீட்டு நெருப்பை நான் சுத்திப்போட்டேன். குறுக்க போகக்கூடாதுன்னு நம்ம புள்ளை வண்டியிலேயே சொன்னா. எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு. சாமியைக் கும்புட எவனைக் கேக்கணும்னு ஒரு திமிரு. நம்மூரு வழக்கம்னா எல்லா ஊருக்கும் வழக்கம்னு நெனப்பு."

சொன்னா. கொரல் ஆடலை.

"நான் இவளைப் பாக்க வரலைங்க. கூட்டிட்டுப் போக வந்தேன். மாப்பிள்ளை பாத்துட்டேன். இவகிட்டச் சொல்லாமத் திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வெச்சிருக்கேன்."

அவ என்னைப் பாக்கவே இல்லை. நெருப்பையே பாத்துக்கிட்டுச் சொன்னா. கபெரே தலையை லேசா ஆட்டினாரு.

அடுத்ததைச் சொல்லாம விட்டுடலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு. விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

"அன்னிக்கு இவங்க வெளியே போகச் சொன்னாங்களே, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சுங்க. வேலை கெட்டுது, இனி மவ என்கூட வந்துருவான்னு. அவ ஆத்துமணல்ல சுத்திட்டு இருந்தா. நான் நல்லாத் தூங்கினேன். பெத்தவ பண்ற வேலையா இது? நீங்க இருந்தப்ப, அவ படிக்கட்டும் விடுன்னு சொன்னீங்க. நான் மனசார விடலைங்க."

தாரணி நின்னுட்டா.  ஃபெஸ்டஸ் காத்துட்டு நிக்கறான். பட்டியில ஒரு கன்னுக்குட்டி கத்துது.  இவ இதை மட்டும் முழுங்கிடுவா, அம்மாவைக் காப்பாத்திடுவான்னு நெனச்சேன்.

அவ மூச்சை இழுத்துவிட்டுட்டுச் சொன்னா. எனக்கு இங்கிலீஷ் பத்தாது. ஆனா 'ஹேப்பி'ன்னு சொன்னது கேட்டுச்சு, 'ஸ்லீப்'னு சொன்னது கேட்டுச்சு. ஒண்ணையும் விடலை. ஒண்ணையும் கொறைக்கலை. இதுதான் அவ வேலைன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. தன்னைக் குத்தற வார்த்தையைக்கூட அடுத்தவங்க சொன்னபடியே சொல்றவ என்ற மவ!

கபெரே நெருப்பைப் பாத்து ரொம்ப நேரம் பேசினாரு. நடுநடுவே என்னைக் கையைக் காட்டினாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, ஒரு வாய் தண்ணியை எடுத்து என் மொகத்துல ஊதினாரு. தாரணி மேலயும் ஊதினாரு. சாம்பலைத் தொட்டு ரெண்டு பேர் நெத்தியிலயும் வெச்சாரு. கண்ணுல பொலபொலன்னு கொட்டிருச்சு எனக்கு. தொடைக்கவே இல்லை.

அப்புறம் அவரு என்னமோ சொல்லவும் சனமெல்லாம் சிரிச்சுது. ஃபெஸ்டஸும் சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னான்: மவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக வந்த அம்மாவை இந்த நெருப்பு முன்னாடியே பாத்திருக்குதாம். கல்யாணம் ஆன புதுசுல வெசூவாவோட அம்மா இதே மாதிரி வந்து நின்னாங்களாம். வெசூவா வெக்கப்பட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"நாளைக்குக் கருவியைக் கொண்டா"ன்னாரு தாரணிகிட்ட.

வெளியே வந்ததும் அவ சொன்னா: "டிக்கெட் மெயில் என் ஐடிக்குத்தாம்மா வந்துச்சு. மே மாசமே. நீ இங்க வர்ற டிக்கெட்டை நான்தானே நம்மூர் ஏஜெண்டுகிட்டப் போட்டேன், அதே ஐடியை அவன் வெச்சிருக்கான்."

"அப்பறம் ஏண்டி கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்துட்டு, "தூங்கினது மட்டும் தெரியாது"ன்னா.

மத்தியானம் அவ எனக்குத் தட்டுல சோறு போடலை, நானே போட்டுக்கிட்டேன். நியாயந்தான். சாயங்காலம் வந்து மைக்கை என் மடியில வெச்சா. "நாளைக்கு நீ புடி. கை ஆடக்கூடாது."

ஜூன் 25

மைக் புடிச்சேன். மூணரை மணி நேரம். கை ஆடலை. எருமை கறந்த கை!

ஜூன் 27

மூணு நாளாக் கபெரே சொல்றாரு. அம்மா பேரு, அவங்க அம்மா பேரு, அதுக்கும் முன்னால, முன்னால. எந்த ஊத்துல தண்ணி குடிச்சாங்க, எந்தப் பஞ்சத்துல எந்த மாட்டைக் காப்பாத்தினாங்க, எந்த மரத்தடியில பொதைச்சாங்க. ஒரு அர்த்தமும் தெரியாமலே எனக்கு மயிர்க்கூச்செறியுது. அந்த வீட்டுப் பொண்ணுங்களே வந்து வாயைப் பொளந்து கேக்கறாங்க. அவங்களும் முழுசாக் கேட்டதில்லையாம். தாரணி கண்ணை மூடி உக்காந்திருக்கா. மொகம் பூரா வெளிச்சம்.

மத்தியானத்தோட முடிஞ்சுது. "எல்லாம் சொல்லிட்டேன்"னு கபெரே கையை ஒதறினாரு. தாரணி ஹெட்போனைக் கழட்டிட்டு ரெண்டு கையிலயும் மொகத்தைப் பொத்திக்கிட்டா. அப்புறம் எந்திரிச்சு ஒரு குதி குதிச்சா பாருங்க! சின்னப் புள்ளையில ஸ்கூல் லீவு விட்டாக் குதிக்கிற அதே குதி. நானும் குதிச்சேன். முட்டி வலிக்குது.

அப்பத்தான் வெசூவா என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. "நாங்க எங்க வீட்டைச் சொல்லிட்டோம். நீ உன் வீட்டைச் சொல்லு."

எனக்கென்ன தெரியும்? பாட்டா, கதையா? வேணும்னா எருமையைப் பத்திச் சொல்றேன்னேன். "எருமை வேண்டாம். இவளைச் சொல்லு"ன்னு தாரணியைக் காட்டினாங்க.

"எங்கூர்ல பெத்தவ வாயால புள்ளையைப் புகழ மாட்டோம், கண்ணு பட்டுரும்"னேன். தாரணி அதையும் சொன்னா. வெசூவா எல்லாரையும் ஒரு தடவை பாத்துட்டு, "எங்க கண்ணெல்லாம் நல்ல கண்ணுதான், சொல்லு"ன்னாங்க.

தாரணி மைக்கை என் பக்கம் திருப்பிட்டா.  நான் எந்திரிச்சு நின்னேன். கபெரே சொன்ன மாதிரியே ஊரிலிருந்து ஆரம்பிச்சேன்.

"நொய்யலுக்கு வடக்க ஊத்துக்குளி. அங்க எருமை எழுவது கட்டின வீடு. அந்த வீட்டுல பொறந்தவ தாரணி. ஒம்பதாம் மாசத்துல எந்திரிச்சு நடந்தவ. பதினோரு வயசுல சைக்கிள்ல கேனைக் கட்டி சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனவ. அப்பனைப் பொதைச்சன்னிக்கு அழுவாம எனக்குச் சோறு ஊட்டினவ. அப்பறம் வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில தனியாப் போயி அழுதவ. நான் பாத்தேன், பாத்தேன்னு சொன்னதில்லை. தண்ணி சொமந்து சொமந்து அடுத்தவங்க அம்மா பேரைக் கேட்டு வாங்கினவ. பெத்தவ கெடுத்த காரியத்தைப் பெத்தவளுக்குப் பக்கத்துலயே நின்னு நேர் பண்ணினவ. பொய் சொல்லத் தெரியாதவ. என்னைய விடப் பெரிய மனுசி. இவ எனக்குப் பொறந்தா. எனக்கு!"

ஒவ்வொரு வரிக்கும் பொம்பளைங்க ஒரே கொரல்ல ம்ம்னாங்க. புரிஞ்சா சொன்னாங்க? தெரியாது. தாரணி யாருக்கும் மொழிபெயர்க்கலை. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுட்டு இருந்தா.

ஜூன் 29, ஒபுவோ

போன் வேலை செய்யுது. தம்பியைக் கூப்புட்டு, மாப்பிள்ளை வீட்டுல நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிரு, இப்போதைக்கு இல்லைன்னேன். அவன் குதிகுதின்னு குதிச்சான். "நீயே வந்து சொல்லிக்க"ன்னான். வந்து சொல்லிக்கறேன்னேன். எனக்கு இப்ப மன்னிப்புக் கேக்கறதெல்லாம் கைவந்த கலை. தாரணி டிக்கெட்டை ரத்து பண்ணியாச்சு. ஒண்ணாந்தேதி நான் மட்டும் போறேன்.

லாட்ஜ் வராந்தாவுல உக்காந்து தாரணி மூணு வருசப் பதிவையும் வரிசையா எழுதி முடிச்சா. மொத்தம் நூத்திப் பதிமூணு. ஒவ்வொண்ணுக்கும் சொன்னவர் பேரு, ஊரு, எந்த மொழி, யாரைப் பத்தி. நூத்திப் பன்னெண்டாவது கபெரே. நூத்திப் பதிமூணாவதுக்கு நேரா என்ற பேரு. பூவாத்தாள், ஊத்துக்குளி, தமிழ், மகளைப் பத்தி.

"இதையும் புஸ்தகத்துல போடுவியாடி?"

"போடாம?"

"போடறதுதான் போடறே, வெண்ணெய்க்காரின்னும் போடு."

போட்டுட்டா.